கவுன்சிலரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தேர்தல் முடிந்து புதுக் கவுன்சிலர் வந்ததும் எனக்கு வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ராகம்: "சொன்னோம், செய்யவில்லை." நகராட்சிப் பொறியியல் பிரிவில் இருபத்தாறு வருடம் கோப்பு தள்ளியவன் சொல்கிறேன், பாதி நேரம் சொன்ன இடம் தப்பு, மீதி நேரம் சொன்ன விதம் தப்பு.

பட்டா பெயர் மாற்றம், ரேஷன் கார்டு, அடிக்கடி போகும் கரன்ட், எரியாத தெருவிளக்கு என்று நான்கு விஷயம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "பார்க்கிறேன்" என்கிறார். ஒரு மாதம் ஆகிவிட்டது.

நான்கில் தெருவிளக்கு மட்டும்தான் அவருடையது. பட்டா வருவாய்த் துறை வேலை, அதற்கு விஏஓ, தாசில்தார். ரேஷன் கார்டு உணவு வழங்கல் துறை, கரன்ட் மின்வாரியம். புதிதாக வந்தவருக்கு "இது என் வேலை இல்லை" என்று சொல்லக் கூச்சம், அதனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். தெருவிளக்கு விஷயத்தில் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக் கொடுங்கள். "பிள்ளையார் கோயில் முக்கில் லைட் எரியலை" என்றால் ஆள் வந்து எந்தக் கம்பம் என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். சென்னையில் இருந்தால் முதலில் 1913-ல் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணைக் கவுன்சிலரிடம் கொடுங்கள். கையில் எண் இருந்தால்தான் அவராலும் அதிகாரியை நெருக்க முடியும்.

எங்கள் தெருவுக்குப் புதுச் சாலை வருகிறதாம். போன இரண்டு முறையும் பழைய சாலை மேலேயே போட்டுவிட்டுப் போனார்கள், இப்போது மழை பெய்தால் தண்ணீர் கூடத்துக்கே வருகிறது. கவுன்சிலரிடம் என்ன கேட்பது?

கேட்டால் இப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டும். என் வீட்டு வாசலில் ஒருகாலத்தில் மூன்று படி, இப்போது ஒன்றுதான் மிச்சம். படி எங்கும் போகவில்லை, தெருதான் ஏறி வந்துவிட்டது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு தெளிவாகவே உத்தரவு போட்டார். உத்தரவு இருக்கிறது, ஆனால் சுரண்டுகிற மெஷின் சந்துக்குள் வருவதற்கு நேரமும் டீசலும் ஆகும், ஒப்பந்தக்காரர் யாரும் கேட்காதவரை அதை மறந்துவிடுவார்.

அதனால் "நல்ல ரோடு போடுங்க சார்" என்று கேட்காதீர்கள். எஸ்டிமேட்டில் மில்லிங், அதாவது பழைய சாலையைச் சுரண்டும் வேலை, எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தும் சுரண்டாமல் போட்டால் செய்யாத வேலைக்கு பில் போகிறது என்று அர்த்தம். இல்லையென்றால் வேலை தொடங்கும் முன்பே மன்றக் கூட்டத்தில் அதை எழுப்பச் சொல்லுங்கள், அங்கே எழுந்து கேள்வி கேட்கிற உரிமை உங்களுக்கோ எனக்கோ கிடையாது, அவருக்குத்தான் உண்டு. அப்படியே குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தார் காய்வதற்குள் தோண்ட ஆள் வரும்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. வேலைக்கு முன்னால் வாசற்படியிலிருந்து சாலை மட்டம் வரை டேப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். பிறகு தகராறு வந்தால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) நகல் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அளந்ததாக அதில் எழுதியிருப்பதையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் வார்டில் ஜெயித்தது ஒரு அம்மா. ஆனால் போன் எடுப்பது, பேசுவது எல்லாம் அவர் வீட்டுக்காரர்தான்.

உள்ளாட்சியில் பெண்களுக்கு ஐம்பது சதவீத இடஒதுக்கீட்டுக்கு 2016-லேயே சட்டம் வந்தாயிற்று, அந்தச் சட்டத்தில் கணவருக்கென்று ஒரு நாற்காலியும் போடவில்லை. மனுவை அந்த அம்மா பெயருக்கே எழுதி, தெருப் பெண்கள் நாலைந்து பேராகப் போய் அவர் கையிலேயே கொடுங்கள். நான் வேலை பார்த்த ஊரில் ஒரு கவுன்சிலர் அம்மா ஆறு மாதம் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. ஒருநாள் எழுந்து, "எங்க தெருவுக்கு நூத்தி இருபது மீட்டர் பைப்புன்னு எழுதியிருக்கீங்க, நான் அடி வச்சு நடந்து பார்த்தேன், எம்பது கூட வரலையே?" என்றார். ஓவர்சியர் தண்ணீர் குடித்தார். அப்புறம் அந்த வார்டு பில் எல்லாம் ஒழுங்காக வந்தது.

புதுக் குடிநீர் இணைப்புக்கு மனு கொடுத்தேன். கவுன்சிலருடன் சுற்றுகிற ஒருவர் "கொஞ்சம் கவனிச்சா சீக்கிரம் முடியும்" என்கிறார்.

ரசீது தருகிற இடத்தில் மட்டும் பணம் கட்டுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வேறு வழியில்லாமல் கொடுக்க நேர்ந்தால் ஏழு நாளுக்குள் புகார் சொன்னால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. அந்த ஆள் கேட்டது கவுன்சிலருக்கே தெரியாமல் இருக்கவும் வாய்ப்புண்டு, எனவே முதலில் அவரிடமே நேராகச் சொல்லிப் பாருங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நான் தோற்றவருக்கு ஓட்டுப் போட்டவன், அது அவருக்கும் தெரியும்.

சொத்து வரி கட்டுகிறீர்கள் இல்லையா? போய்க் கேளுங்கள்.

கிராமத்தில் கிராம சபை நடக்கிறது. நகரத்தில் எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் 2022-ல் வார்டு குழுவுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசுகிற பகுதி சபைக்கும் விதிகள் வந்தன, அந்த வருடம் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்று முதலமைச்சரே பம்மலில் ஒரு பகுதி சபைக் கூட்டத்தில் உட்கார்ந்தார். வார்டு குழுவுக்குத் தலைவர் உங்கள் கவுன்சிலர்தான். அடுத்த கூட்டம் என்றைக்கு, போன கூட்டத்தின் தீர்மானம் என்ன ஆனது, இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். பூங்கா, மழைநீர் வடிகால் மாதிரி வேலைகளுக்குத் தெருக்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு பணம் போட முடியுமானால் நமக்கு நாமே திட்டத்தையும் அங்கே எடுத்துப் பேசலாம்.

என் பேரனின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்தும் வரவில்லை. ஓட்டுக் கேட்க மட்டும் மூன்று தடவை வந்தார்.

2023 ஜூலையிலிருந்து மாநகராட்சி கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய், நகராட்சியில் 5,000, பேரூராட்சியில் 2,500. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போனால் மொய் எழுதவே அது போதாது. அன்றைக்கு மன்றக் கூட்டம் இருந்ததா என்று விசாரியுங்கள். இருந்து, அங்கே போயிருந்தார் என்றால் விட்டுவிடுங்கள். காதுகுத்துக்கும் வரவில்லை, கூட்டத்துக்கும் போகவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.