எழுத்தும் கணினியும்: வாசகர் கேள்வி – பதில்

2003 முதல் 2011 வரை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த 40 சிறுகதைகள் என்னிடம் இருக்கின்றன. புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிகின்றன. கோப்புகள் கெட்டுவிட்டனவா?
– வாசகர், விருதுநகர்

கெடவில்லை. கதைகள் பத்திரமாக இருக்கின்றன. பாமினிக் கோப்புக்குள் தமிழ் எழுத்து என்று எதுவும் கிடையாது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்துவதுதான் எழுத்துருவின் வேலை. ‘தமிழ்’ என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் பதிவாகியிருக்கும். பாமினி இல்லாத கணினி, உள்ளதை உள்ளபடி காட்டுகிறது.

எந்தக் கணினியிலும் தெரிய வேண்டுமென்றால் கதைகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறை அது. மூலக் கோப்புறையை முதலில் அப்படியே நகலெடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். மாற்றும் வேலையெல்லாம் நகலில்தான். அடுத்து, கோப்பை வேர்டில் திறந்து ஒரு வரியின் நடுவே சொடுக்கி, மேலே எழுத்துருப் பெட்டியில் வரும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே நிற்கும். பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று ஒவ்வொன்றுக்கும் குறியீடு வேறு. யூனிகோடுக்கு மாற்றித்தரும் மென்பொருளான ‘மாற்றி’யில் தவறானதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு குப்பை இன்னொரு குப்பையாகும், அவ்வளவுதான்.

கதையில் ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்தால் மாற்றுவதற்கு முன்பே அவற்றை எடுத்து, அந்த இடத்தில் 001, 002 என்று எண் போட்டு, தனிப் பட்டியலில் எழுதி வையுங்கள். மாற்றிக்கு ஆங்கிலம் எது, பாமினி எது என்று தெரியாது. பாமினியில் காற்புள்ளி விசைதான் ‘இ’. எனவே ஆங்கில வாக்கியத்துக் காற்புள்ளிகூட ‘இ’ ஆகிவிடும்.

மாற்றி முடித்ததும் இரண்டு பிழைகளைக் கட்டாயம் தேடுங்கள். ஒன்று, தனியாக நிற்கும் கொம்பு. பாமினியில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்பார்கள். யூனிகோடில் எழுத்துக்குப் பிறகுதான் கொம்பு வர வேண்டும். நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்திருந்தால் மாற்றியால் இரண்டையும் சேர்க்க முடியாது. தேடு பெட்டியில் ஓர் இடைவெளியும் அடுத்து ‘ெ’ குறியும் இட்டுத் தேடினால் எல்லாம் வரிசையாக அகப்படும். ‘ே’, ‘ை’ குறிகளுக்கும் இதேபோல் தேடுங்கள்.

மற்றது, ‘அவன்’ என்பது ‘ஆவன்’ என்றும் ‘எங்கே’ என்பது ‘ஏங்கே’ என்றும் மாறியிருப்பது. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வேர்டின் ஆட்டோகரெக்ட் செய்த வேலை இது. பாமினியில் சிறிய எம் ‘அ’, பெரிய எம் ‘ஆ’. சிறிய வி ‘எ’, பெரிய வி ‘ஏ’. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. வாக்கியத் தொடக்கங்களைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

சிறுகதை ஒன்றை ஏஐ செயலியிடம் பிழை திருத்தக் கொடுத்தேன். பிழைகள் போயின. ஆனால் என் கதைமாந்தர் எல்லாரும் செய்தி வாசிப்பவர்கள்போலப் பேசுகிறார்கள். இரண்டு பத்திகளையும் காணோம். ஏன் இப்படி?
– வாசகி, தென்காசி

பிழை திருத்துநர் உங்கள் தாளின் மேலேயே சிவப்பு மையால் குறிப்பார். ஏஐ அப்படிச் செய்வதில்லை. உங்கள் பிரதியை உள்வாங்கிக்கொண்டு, அடுத்து வரக்கூடிய துண்டு எது, அதற்கு அடுத்தது எது என்று கணித்துக் கணித்துப் புதிதாக ஒரு பிரதியை எழுதுகிறது. அது அதிகம் படித்தது பத்திரிகைத் தமிழும் இணையத் தமிழும். எனவே ‘அவுக நேத்தே வந்துட்டாக’ அதன் கணக்கில் பிழை. ‘அவர்கள் நேற்றே வந்துவிட்டார்கள்’ என்று ஆக்கிவிடும். பிரதி நீளமானால் பத்திகளைச் சுருக்கும், விழுங்கும். வட்டார வழக்கில் எழுதுகிறவருக்கு இது சின்ன இழப்பல்ல. அந்தப் பேச்சுதான் கதையே.

ஆகவே ‘திருத்திக் கொடு’ என்று கேட்காதீர்கள். ‘பிரதியைத் திரும்ப எழுதாதே. மூலச் சொல், பரிந்துரை, காரணம் என்று மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை மட்டும் கொடு. மேற்கோள் குறிக்குள் இருக்கும் உரையாடலைத் தொடாதே’ என்று கேளுங்கள். ஒரு தடவைக்கு 300 சொல்லுக்கு மேல் கொடுக்க வேண்டாம். வரும் அட்டவணையில் ஏற்பதை உங்கள் கோப்பில் நீங்களே கையால் மாற்றுங்கள். ஏற்கெனவே முழுதாக மாற்றி வாங்கியிருக்கிறீர்கள் என்பதால், வேர்டில் ரிவ்யூ பட்டியலில் கம்பேர் கொடுத்துப் பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிடுங்கள். காணாமல் போன பத்திகள் நிறம் மாறித் தெரியும்.

சந்திக்கு மட்டும் உதவி போதுமென்றால் நீச்சல்காரன் உருவாக்கிய ‘நாவி’ என்ற சந்திப்பிழை திருத்தி நல்லது. அது உங்களுக்காகக் கதை எழுதப் போகாது. ஆனால் சந்தியிலும் கடைசி முடிவு உங்களுடையதே. ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி கொடுத்தான். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையிலிருந்த வேல் என்ற ஆயுதத்தைக் கொடுத்தான். இரண்டும் சரியான தமிழ். உங்கள் கதையில் எது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

என் நாவலில் ‘கொடுமுடி’ என்ற ஊர்ப்பெயர் ஏராளமான இடங்களில் வருகிறது. தேடினால் பாதிதான் அகப்படுகிறது.
– வாசகர், ஈரோடு

இரண்டு விசைப்பலகைகளிலோ, பாதியை மாற்றியிலோ உருவாக்கியிருப்பீர்கள். யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ‘க’வுடன் ‘ொ’ என்ற ஒரே குறி, அல்லது ‘க’வுடன் ‘ெ’யும் ‘ா’வும் தனித்தனியாக. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. வேர்ட் இவற்றை இரண்டு சொற்களாகப் பார்க்கும். அகப்படாத இடத்திலிருந்து ‘கொ’வை நகலெடுத்துத் தேடு பெட்டியிலும், அகப்பட்ட இடத்திலிருந்து நகலெடுத்ததை மாற்று பெட்டியிலும் ஒட்டி, ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுங்கள். மற்ற எழுத்துகளின் ஒகர, ஓகார வரிசைக்கும் இதே வழிதான்.

‘கௌரி’யில் மட்டும் இந்த வேகம் ஆபத்து. பலர் அதை ‘கெ’யும் ‘ள’வுமாக ‘கெளரி’ என்று அடித்திருப்பார்கள். கொம்பும் ‘ள’வும் சேர்ந்த எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றினால் ‘தெளிவு’, ‘கெளுத்தி’, ‘வெள்ளம்’ எல்லாம் சிதைந்துபோகும். சொல் சொல்லாக மாற்றுங்கள். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு வடிவம் உண்டு: ‘ஸ’வில் தொடங்குவது ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்குவது மற்றொன்று.

யூனிகோடில் கொடுத்த கதை, அச்சகத்தின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் கொம்பெல்லாம் இடம் மாறித் தெரிகிறதாம். பாமினியில் கேட்கிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

கொடுக்காதீர்கள். பத்தி அமைப்புப் பட்டியலில் ‘அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வழக்கமான கம்போசருக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. இன்டிசைனின் சிஎஸ்6 பதிப்பு முதல் இந்த வசதி இருக்கிறது. அச்சகத்தில் இருப்பது பழைய மென்பொருளான பேஜ்மேக்கர்தான் என்றால் வேறு வழியில்லை. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001-இல், யூனிகோடு அதற்குத் தெரியாது. அப்போது அவர்களே பாமினிக்கு மாற்றிக்கொள்ளட்டும். மெய்ப்பை மட்டும் முழுதாகப் பார்க்காமல் அச்சுக்கு அனுமதி தராதீர்கள்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததாமே, இனி எழுத முடியாதா?
– வாசகர், காரைக்குடி

எழுதலாம். 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள்தான் நின்றன. தட்டச்சுக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கணினியில் வங்கி வேலையும் மின்னஞ்சலும் வேண்டாம். எழுத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிது வாங்கினால், விண்டோஸ் 11-இல் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே வருகிறது.

தாத்தா 1958-இல் அச்சிட்ட கதைத் தொகுப்பை மின்நூலாக்க ஆசை. 190 பக்கம். தட்டச்சு செய்யாமல் முடியுமா?
– வாசகி, புதுச்சேரி

முடியும், திருத்த நேரம் ஒதுக்கினால். பக்கங்களை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். தைப்பு ஓரம் வளைந்து கறுத்தால் அந்த வரிகள் கெடும். பக்கத்தை அழுத்தித் தட்டையாக்குங்கள். படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி, வலது சொடுக்கில் கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்தின் கீழே எழுத்து வந்துவிடும். ஒரு கோப்பு 2 எம்பிக்குள் இருக்கட்டும். பக்கம் பக்கமாகப் போடுவதே நல்லது.

உங்கள் நூல் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. தும்பிக்கை போட்ட ணை, லை, ளை, னை, சுழித்த ணா, றா, னா வரும் இடங்களில் மென்பொருள் தடுமாறும். அதோடு கு–சு குழப்பம், ‘ர’வும் காலும் மாறுவது, அச்சில் தேய்ந்த புள்ளி காணாமல் போவது. ‘அவன்’ என்பது ‘அவன’ என்று வந்தால் சரிபார்ப்பான் பிடித்துவிடும். ‘குடு’ என்பது ‘சுடு’ என்று வந்தால் பிடிக்காது, இரண்டும் சொல்தானே. அதனால் ஒருவர் பழைய புத்தகத்தை உரக்க வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்துத் திருத்துங்கள். ஒரே அமர்வில் பத்துப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கண் களைத்தால் புள்ளிகள் தப்பிவிடும்.