ஸ்கூட்டர் பெல்ட்டுக்கு ஒயில் விடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு நாளாந்தம் ஸ்கூட்டரில் வேலைக்குச் சென்று வருகிறேன். சில வாரங்களாக எஞ்சின் இரைகிற அளவுக்கு வண்டி ஓடுவதில்லை. பெல்ட் காய்ந்திருக்கும், செயினுக்கு விடுவதுபோல் சிறிது ஒயில் விட்டால் சரியாகிவிடும் என்கிறார் கராஜில் ஒருவர். விடலாமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். செயினில் இரும்போடு இரும்பு உரசுவதால் அதற்கு ஒயில் வேண்டும்; ஸ்கூட்டரின் பெல்ட்டோ, முன்னே ஒரு சோடி, பின்னே ஒரு சோடி என உள்ள சரிந்த முகமுடைய தட்டுகளுக்கிடையே தன் பக்க விளிம்புகளால் இறுகப் பிடித்துத்தான் எஞ்சினின் விசையைப் பின்சில்லுக்குக் கடத்துகிறது. அங்கே ஒயில் பட்டால் பெல்ட் வழுக்கிச் சூடேறும். நாளடைவில் றப்பரும் ஊறிக் கெட்டுவிடும்.

நீங்கள் சொல்லும் அறிகுறி பெரும்பாலும் பெல்ட் தேய்ந்ததால் வருவது. பெல்ட் பக்கவாட்டில் தேய்ந்து அகலம் குறையும்போது முன் தட்டுகளுக்குள் ஆழமாக இறங்கிவிடுவதால், எஞ்சின் எவ்வளவு இரைந்தாலும் பழைய வேகம் கிடைக்காது. ஆனால் முன் தட்டினுள் இருக்கும் ரோலர்கள் ஒருபக்கமாகத் தேய்ந்தாலும் இதே குறைதான் தோன்றும். ஆகவே பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் புது பெல்ட் வாங்குவதற்கு முன், இடப்பக்க மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட்டின் அகலத்தை வேர்ணியரால் அளந்து, உங்கள் வண்டியின் திருத்தக் கைந்நூலில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட வேண்டும். பெல்ட்டைப் பின்புறமாக வளைத்தால், பற்களின் அடியில் உள்ள வெடிப்புகள் வாய்திறந்து காட்டும். உள்ளே மெல்லிய கறுப்புத் தூள் இருப்பது வழமைதான். ஒயில் ஈரம் இருந்தால் ஒயிலைத் தடுக்கும் சீல் ஒழுகுகிறது என்று பொருள், அதை மாற்றாமல் புது பெல்ட் போடுவது வீண் செலவு.

பூட்டும்போது கட்டாயம் பக்கத்தில் நின்று பாருங்கள். பின் தட்டுகளை விரித்துப் பெல்ட்டை அவற்றின் நடுவே ஆழமாக அமிழ்த்தினால்தான் முன்பக்கம் பெல்ட் தளரும்; அதன் பிறகே முன் தட்டுகளின் நட்டை இறுக்க வேண்டும். அவசரத்தில் இதைச் செய்யாவிட்டால் பெல்ட் முன் தட்டுகளுக்கிடையே நசுங்கி நிற்க, நட் இறுகியதுபோல் தோன்றும். வண்டி ஓடத் தொடங்கியதும் நட் தளர்ந்து எஞ்சின் தண்டின் பற்களையே தின்றுவிடும். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையை நோக்கியிருக்க வேண்டும். தட்டுகளின் முகத்தில் கிறீஸ் கைகூடப் படக்கூடாது.

காலி வீதி நெரிசலில் பிரேக்கைப் பிடித்தபடி எக்சிலேட்டரை முறுக்கி நிற்பது கிளச்சையும் பெல்ட்டையும் சூடாக்கும். மழைவெள்ளத்தில் மூடிக்குள் நீர் புகுந்து பெல்ட் வழுக்கினால் மேலும் முறுக்காமல் நிறுத்தி, நீரை வடியவிட்டு உலரவிடுங்கள். பெல்ட் மாற்றக் கைந்நூல் குறிக்கும் தூரம் ஒரு பொது அளவு. உங்களைப்போல் நின்று நின்று ஓடுபவர்கள் அதற்கு முன்னரே ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.