இலங்கையின் சிங்கராஜக் காட்டில் கூட்டமாய்க் கத்தும் செம்பழுப்புக் குருவி எது?

அது இலங்கையில் மட்டுமே வாழும் ஆரஞ்சு அலகுத் தவிட்டுக்குருவி. உடல் முழுக்கச் செம்பழுப்பு. அலகும் காலும் பளிச்சென்ற ஆரஞ்சு. ஆனால் மழைக்காட்டின் அரையிருட்டில் நிறத்தைவிடச் சத்தத்தை நம்புங்கள்: ஓயாத கீச்சுப் பேச்சு.

அதன் பின்னாலேயே கொண்டைக் கரிச்சான் முதலான பல பறவைகள் வரும். இதைக் கலப்புக் கூட்டம் என்பார்கள். தவிட்டுக்குருவிகள் இலைகளைக் கிளற, வெளியே பறக்கும் பூச்சியைக் கரிச்சான் பிடிக்கும். வல்லூறு வந்தால் கரிச்சானே கத்தி மற்றப் பறவைகளை எச்சரிக்கும். தெருவில் ஒரு நாய் குரைத்தால் எல்லா நாயும் விழிப்பதுபோல.

வீட்டுத் தோட்டத்தில் தத்தித் திரியும் சாம்பல் நிறத் தவிட்டுக்குருவியும் இதுவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். அது மஞ்சள் அலகுள்ள வேறு இனம், தென்னிந்தியாவிலும் உண்டு.