எல்.ஈ.டி விளக்குக்குக் கறுப்பு டிஃப்யூசர்: எந்தப் பொருள், எவ்வளவு கறுப்பு?

கேள்வி இதுதான்: கிளிநொச்சியில் ஒருவர் ஒரு சின்ன உணவகம் திறக்கப் போகிறார். வீதிப் பக்க விளக்குப் பெட்டியும் உள்ளே சுவர் விளக்குகளும் அணைந்திருக்கும்போது கறுப்பாக இருக்க வேண்டும். எரியும்போது எல்.ஈ.டி புள்ளி புள்ளியாகத் தெரியாமல் ஒரே சீராக வெளிச்சம் வர வேண்டும். டிஃப்யூசராக, அதாவது வெளிச்சத்தைப் பரப்பும் மூடியாக, எந்தக் கறுப்புத் தகடு வாங்கலாம்?

முதலில் ஒன்று. இந்த இரண்டு வேலையையும் ஒரே தகட்டிடம் கேட்காதீர்கள். கறுப்புத் தகடு ஒளியைக் குறைக்கும், பரப்பாது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏ9 வீதியைப் பார்த்தாலும் வாற பஸ்ஸின் ஹெட்லைட் இரண்டும் இரண்டாகத்தான் தெரியும். மங்கலாகும், ஒன்றாகச் சேராது. எல்.ஈ.டி புள்ளிகளும் அப்படித்தான். புள்ளியையும் இடைவெளியையும் கறுப்பு ஒரே விகிதத்தில் மங்கவைப்பதால், புள்ளி புள்ளியாகவே இருக்கும். பரப்புகிற வேலை பால் வெள்ளை அக்ரிலிக் (பேர்ஸ்பெக்ஸ்) தகட்டுக்கு உரியது. ஆகவே உள்ளே எல்.ஈ.டி, அதற்கு முன்னால் பால் வெள்ளைத் தகடு, எல்லாவற்றுக்கும் வெளியே தெளிவான சாம்பல் கறுப்புத் தகடு. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

பரப்புவதும் கறுப்பாக்குவதும் ஒன்றாகக் கலந்த தகடுகளும் கிடைக்கின்றன. அலுமினியச் சட்டத்தோடு வரும் கறுப்பு மூடிகள் பெரும்பாலும் அந்த வகைதான். பார்க்க வடிவு. ஆனால் பால் வெள்ளைத் தகடு ஒளியை ஓரளவு உள்ளே திருப்பி அனுப்பும், பெட்டியின் வெள்ளைச் சுவரில் பட்டு அது மறுபடி வெளியே வரும். அந்தப் போக்குவரத்தால்தான் வெளிச்சம் சீராகிறது. கறுப்பும் அதே தகட்டில் கலந்திருந்தால் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும். சுவரில் ஒரு மெல்லிய அலங்காரக் கோடு என்றால் அது காணும். மேசைக்கு வெளிச்சம் தர வேண்டிய விளக்குக்கு நான் போடமாட்டேன்.

இனி எவ்வளவு கறுப்பு என்பது. பலர் சறுக்குவது இங்கேதான். 30 சதவீதம் ஒளி விடும் சாம்பல் தகடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் எல்.ஈ.டியின் ஒளி அதை ஒரு முறை கடந்து வருகிறது, 30 சதவீதம் மிஞ்சும். வெளி வெயிலோ உள்ளே போய், வெள்ளைத் தகட்டில் பட்டு, திரும்பி வர வேண்டும். இரண்டு முறை கடப்பதால் அதில் மிஞ்சுவது 9 சதவீதம்தான். பகலில் கறுப்பாகவும் இரவில் ஒளியாகவும் தெரிவதன் சூட்சுமம் இவ்வளவுதான்.

அப்படியென்றால் இன்னும் கறுப்பாக எடுத்தால் இன்னும் நல்லதா? 20 சதவீதத் தகட்டில் திரும்பி வருவது 4 சதவீதம். அக்ரிலிக்கின் பளபளப்பான மேற்பரப்பு எந்த நிறமானாலும் தானாகவே ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் தெறிக்கவிடும். 20க்கும் கீழே போனால் பார்வைக்குக் கறுப்பு பெரிதாக அதிகரிக்காது, எல்.ஈ.டியின் வெளிச்சம் மட்டும் குறைந்துகொண்டே போகும். நல்ல கறுப்பு வேண்டும் என்று 5 சதவீதத் தகடு போட்டுவிட்டு, பிறகு வெளிச்சம் போதவில்லை என்று எல்.ஈ.டி பட்டிகளை இரட்டிப்பாக்கி, சூட்டால் பட்டி கருகிய கடைப் பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். வீதிப் பக்கத்துக்கு 20 முதல் 30, வீட்டு ஹாலுக்கோ உணவகத்தின் உட்புறத்துக்கோ 40 முதல் 50. என் கணக்கு இது.

தடிப்பையும் கவனியுங்கள். 3 மி.மீ. தகடு 40 சதவீதம் விடுகிறதென்றால், அதே சரக்கின் 6 மி.மீ. தகடு 20 விடாது, 16 அளவில்தான் விடும். கூட்டல் கணக்கல்ல, பெருக்கல் கணக்கு. வெள்ளைத் தகட்டையும் இதே மாதிரிப் பெருக்க வேண்டும். அது பாதி விடுகிறது, சாம்பல் 30 விடுகிறது என்றால் வெளியே வருவது 15 சதவீதம். மூடியில்லாத விளக்கின் வெளிச்சமே வேண்டுமென்றால் உள்ளே ஆறேழு மடங்கு தேவை. கண் இந்தக் குறைவை அவ்வளவாக உணராது என்பதால் மூன்று மடங்கோடு பலர் திருப்திப்படுவார்கள்.

புள்ளி மறைய ஆழம் வேண்டும். மீற்றருக்கு 60 எல்.ஈ.டி உள்ள பட்டியில் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே ஏறத்தாழ 17 மி.மீ. வெள்ளைத் தகடு குறைந்தது அந்தத் தூரமாவது தள்ளியிருக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் கூட இருந்தால் நல்லது. 120 உள்ள பட்டி என்றால் 8 மி.மீ. இடைவெளி, பெட்டியை மெல்லிதாகச் செய்யலாம். புள்ளியே தெரியாத சி.ஓ.பி பட்டியும் இருக்கிறது. ஆழம் வைக்க இடமில்லாத சுவர் விளக்குக்கு அதுதான் சுகம். பெட்டியின் உள்பக்கத்தை வெள்ளையாகப் பூசுங்கள். வெளியே கறுப்பு என்பதற்காக உள்ளேயும் கறுப்படித்துவிட்டால் பாதி வெளிச்சம் அங்கேயே போய்விடும்.

பொருள் என்று வந்தால் எனக்கு அக்ரிலிக்தான், எங்கள் பக்கம் பேர்ஸ்பெக்ஸ் என்றே கேட்பார்கள். வெயிலில் எளிதில் மஞ்சளாகாது. பொலிகார்பனேற் கல்லெறிக்கும் பந்தடிக்கும் தாங்கும், ஆனால் வெயில் தடுப்புப் பூச்சு இல்லாததை வெளியே போட்டால் கொஞ்சக் காலத்தில் பழுப்பாகிவிடும். பள்ளிக்கூட மைதானத்தை ஒட்டிய கடை என்றால் பொலிகார்பனேற்றைப் பற்றி யோசிக்கலாம். மலிவான பொலிஸ்ரைரீன் தகடு சீக்கிரம் மஞ்சளாகி நொறுங்கும், அதை விட்டுவிடுங்கள். தகடு கிடைக்காவிட்டால் பால் வெள்ளைத் தகட்டின் மேல் வாகனக் கண்ணாடிக்கு ஒட்டும் சாம்பல் ரின்ட் ஒட்டலாம். ஒளி விடும் சதவீதத்தையும் கேட்டு வாங்கலாம் என்பது அதில் ஒரு நல்ல விஷயம். வீட்டு விளக்குக்கு அது தாராளமாகக் காணும். முழு வெயிலில் ஓரம் கழன்று நீர்க்குமிழி போடும்.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். ஃபோனில் வெள்ளைத் திரையைத் திறந்து தகட்டின் பின்னால் வைத்துப் பாருங்கள். வெள்ளை மங்கிச் சாம்பலாகத் தெரிந்தால் நல்ல தகடு. பழுப்பாகவோ பச்சையாகவோ தெரிந்தால் சோற்றுக்கும் கறிக்கும் அந்த நிறம் ஏறும். உணவகத்துக்கு அது பெரிய கேடு. பழுப்புச் சாயலுள்ள தகடுதான் கிடைக்கிறது என்றால் 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்துக்குப் பதில் இன்னும் வெள்ளையான 4000 கெல்வின் எடுங்கள், ஓரளவு சரிப்படும்.

வன்னிக்கென்று சில தொல்லைகள் இருக்கின்றன. கோடையில் செம்மண் புழுதி. பளபளப்பான கறுப்பில் ஒரு நாள் புழுதியே தெரியும், உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும், தேய்க்கத் தேய்க்க நிலைமின் ஏறி இன்னும் தூசை இழுக்கும். சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். தின்னர் பட்டால் அக்ரிலிக்கில் வெடிப்பு விழுந்துவிடும். மாரியில் வயல் பக்கத்துப் பூச்சி. வெள்ளைத் தகட்டுக்குப் பின்னால் செத்துக் கிடப்பது மங்கலான நிழலாகப் போய்விடும், வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் புகுந்துவிட்டால் கால், சிறகு எல்லாம் துல்லியமாகத் தெரியும். ஆகவே இந்த இரண்டு தகட்டின் நான்கு ஓரத்தையும் சிலிக்கோனால் அடையுங்கள். பெட்டியின் அடியில் மட்டும், காற்றும் ஈரமும் போக வலை போட்ட சிறு துளை விடலாம்.

மேற்கு வெயில் படும் முகப்பு என்றால் இன்னொன்று. கறுப்பு சூட்டை வாங்கும், சூடு ஏற அக்ரிலிக் நீளும். ஒரு மீற்றர் தகடு 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ 2 மி.மீ. நீளும். ஆணித் துளையை ஆணியின் அளவுக்கே துளைத்து இறுக்கினால் அந்த இடத்தில் பிளக்கும். துளையைப் பெரிதாக்கி றபர் வாஷர் போடுங்கள். அடப்டரைப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், வெளியே நிழலில் வையுங்கள்.

உணவகத்தின் பின் வளவு விளக்குக்கும் இதே கறுப்பு மூடி போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போடவே வேண்டாம். பாம்பும் நடமாடும் இடத்தில், காட்டோரம் என்றால் யானையும் வரும் இடத்தில், வெளிச்சத்தில் 85 சதவீதத்தை வடிவுக்காகத் தகட்டுக்குள் புதைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சோலார் பற்றரியில் ஓடும் விளக்கென்றால் கேட்கவே வேண்டாம். அங்கே தெளிவான மூடியே போடுங்கள், கறுப்பு வீதிப் பக்கத்துக்கும் உட்புறத்துக்கும் மட்டும்.

பெட்டியின் ஆழமும் முகப்பு பார்க்கும் திசையும் சொன்னால் பட்டி எத்தனை வாற் வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.