மணமாகாத நடுத்தர வர்க்கப் பெண்களும் அவர்கள் அமைத்த வாழ்வும்: இங்கிலாந்து, 1850–1920 (கேள்வி பதில்)

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மணமாகாத பெண்கள் ஏன் ஒரு பிரச்சினையாகப் பேசப்பட்டார்கள்?

1851-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஆண்களைவிடப் பெண்கள் மிகுதி என்று காட்டியது. இளைஞர்கள் பலர் காலனிகளுக்குப் போய்விட்டனர். நடுத்தர வர்க்க ஆண்களோ போதிய வருமானம் வரும்வரை திருமணத்தைத் தள்ளிப்போட்டனர். தந்தை இறந்தாலோ தொழில் நொடித்தாலோ, அவர் மகள் மானம் கெடாமல் செய்யக்கூடியதாகச் சமூகம் ஒப்புக்கொண்ட வேலை, கவர்னஸ் எனப்பட்ட வீட்டு ஆசிரியைப் பணி ஒன்றுதான் என்று சொல்லுமளவுக்கு வழிகள் குறுகியிருந்தன. அப்போது ஏறத்தாழ 25,000 பேர் அப்பணியில் இருந்தனர். 1862-இல் டபிள்யூ. ஆர். கிரெக் என்பவர், இத்தகைய பெண்களைத் தேவைக்கு மிஞ்சியவர்கள் என்று கூறி, அவர்களைக் கப்பலேற்றிக் காலனிகளுக்கு அனுப்பலாம் என்று எழுதினார். வீட்டு வேலைக்காரப் பெண்களை மட்டும் அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை; அவர்கள் ஆண்களுக்குப் பணிவிடை செய்கிறார்களாம்! அவருடைய கவலை எதைப் பற்றியது என்பது இதிலேயே விளங்கிவிடுகிறது.

கேள்வி: அம்மா, அந்தப் பெண்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள்?

பெண்ணுரிமைக்காக உழைத்த, லண்டனின் லாங்ஹாம் பிளேஸ் வட்டத்தைச் சேர்ந்த பெண்கள் 1859-இல் பெண்களுக்கு வேலை தேடித்தரும் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு எமிலி ஃபெயித்ஃபுல், பெண்களையே அச்சுக்கோக்க அமர்த்திய விக்டோரியா அச்சகத்தை நிறுவினார். இவற்றால் வேலை பெற்றவர்கள் சிலரே.

கேள்வி: வேலை கிடைத்தால் போதாதா? சேர்ந்து வாழும் இல்லங்களுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் தருகிறீர்கள்?

போதவில்லை என்பதே என் கருத்து. சம்பளம் வாங்கினாலும் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்த பெண், அந்த வீட்டின் பிள்ளைகளையும் நோயாளிகளையும் கவனிக்கும் ஆளாகவே கருதப்பட்டாள். ‘எனக்கு வேலை இருக்கிறது’ என்று அவள் சொல்லி அது மதிக்கப்பட வேண்டுமானால், அவளுக்கென்று ஓர் இடமும், அவளைப் போன்றே உழைக்கும் தோழிகளும் தேவைப்பட்டனர். இதற்கு முதலில் வழிகாட்டியவை இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் கன்னியர் மடங்கள். அவற்றில் முதலாவது 1845-இல் லண்டனின் பார்க் வில்லேஜில் தோன்றியது. பெற்றோரின் அதிகாரத்தைவிட மடத் தலைவியின் அதிகாரத்தை மகள்கள் மேலாகக் கருதுகிறார்கள் என்று எழுந்த கூச்சல், அந்த மடங்கள் உண்மையில் எதை அசைத்தன என்பதைக் காட்டுகிறது.

கல்லூரிகள் இன்னும் ஆழமாகச் சென்றன. எமிலி டேவிஸ் 1869-இல் ஹிட்சினில் ஐந்து மாணவிகளோடு தொடங்கி, 1873-இல் கேம்பிரிட்ஜை அடுத்த கர்ட்டனுக்கு மாற்றிய கல்லூரியில், ஒவ்வொரு மாணவிக்கும் படுக்கையறையோடு தனியாக ஓர் அமரும் அறையும் தரப்பட்டது. கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் உரிமை பிறந்த வீட்டில் அவர்களுக்கு இருந்ததில்லை. பெண்களுக்குப் பட்டத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1948 வரை தராவிட்டாலும், அந்த அறையைப் பல மாணவிகள் வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்ததில் வியப்பில்லை. 1887-இல் கல்லூரிப் பெண்கள் லண்டனின் சவுத்வர்க் என்னும் ஏழைப் பகுதியில் ஒரு குடியிருப்பு இல்லம் அமைத்துச் சமூகப்பணி செய்தனர். 1889-இல் லண்டனின் செனிஸ் தெருவில், வேலைபார்க்கும் பெண்களுக்கென்று பொது உணவுக்கூடத்தோடு வாடகை அறைகள் கட்டப்பட்டன. ஆனால் இவ்வில்லங்களில் சமைத்தும் துடைத்தும் வைத்தவர்களும் பெரும்பாலும் மணமாகாத ஏழைப் பெண்களே என்பதை வரலாற்றில் விட்டுவிடக் கூடாது.

கேள்வி: அரசு வேலைகளில் இவர்கள் நிலை என்ன?

1870-இல் தந்தி நிறுவனங்களை அஞ்சல் துறை ஏற்றபோது, அங்கிருந்த பெண் பணியாளர்களும் அதில் சேர்ந்தனர். ஆண்களைவிடக் குறைந்த ஊதியம். திருமணமானால் வேலையை விட வேண்டும். பிரிட்டிஷ் உள்நாட்டு அரசுப்பணியில் அந்தத் தடை 1946-இல்தான் நீங்கியது.

கேள்வி: இந்த வரலாற்றுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?

நேரான தொடர்பே உண்டு. கர்ட்டனில் படித்த கான்ஸ்டன்ஸ் மேனார்டு 1882-இல் லண்டன் வெஸ்ட்ஃபீல்டு கல்லூரியின் முதல் தலைவியானார். அங்கு செவ்வியல் மொழிகள் கற்பித்த எலினார் மெக்டூகல், 1915-இல் சென்னையில் தொடங்கிய மகளிர் கிறித்தவக் கல்லூரிக்கு முதல் முதல்வராக வந்தார். ஆசிரியைகளும் மாணவிகளும் ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் அமைப்பு அக்கல்லூரியிலும் ஏற்பட்டது. நுங்கம்பாக்கத்து டவ்டன் மாளிகை இன்றும் அவ்வளாகத்தில் இருக்கிறது.