கண்ணில் மோதிய ஈ, இமைக்குள் புழு: வாசகர் கேள்வி, கண் டாக்டர் பதில்

கேள்வி: என் வீட்டுக்காரர் நல்ல வெயில் நேரத்தில் கடற்கரைப் பனை நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஏதோ ஒன்று வலது கண்ணில் சுள்ளென்று மோதிவிட்டுப் பறந்துபோனது. ராத்திரிக்குள் கண் சிவந்து, மணல் விழுந்த மாதிரி உறுத்தல், தண்ணீராகக் கொட்டியது. மெட்ராஸ் ஐ என்று நினைத்து மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டோம், கேட்கவில்லை. மறுநாள் ராமநாதபுரத்தில் கண் டாக்டர் இமையைத் திருப்பிப் பார்த்து, உயிரோடு இருந்த சின்னப் புழுக்களை எடுத்தார். நான் கருவாடு காயப்போடுகிறவள். அந்த ஈதான் காரணம் என்று ஊரில் என்னைப் பேசுகிறார்கள். இது பிள்ளைகளுக்கு ஒட்டுமா? மூளைக்கு ஏறுமா?
*– வாசகி, வாலிநோக்கம்*

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் அம்மா, உங்கள் கருவாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கருவாட்டை மொய்க்கிற ஈ தின்பதற்கும் முட்டையிடுவதற்கும் வருகிறது, பறந்துகொண்டே ஆளின் கண்ணில் புழுவைப் பீய்ச்சிவிட்டுப் போகிற பழக்கம் அதற்குக் கிடையாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது செம்மறி ஆட்டின் மூக்கில் புழு விடுகிற ஈயின் வேலை. ஈஸ்ட்ரஸ் ஓவிஸ் என்று அதற்குப் பெயர். சாம்பல் நிறத்தில் தேனீ போல இருக்கும். வளர்ந்த ஈக்கு வாய் என்பது பெயருக்குத்தான், அது எதையும் தின்பதில்லை, அதனால் கருவாடோ மீன் கழிவோ அதற்குத் தேவையே இல்லை.

அது முட்டையிடுவதும் இல்லை. முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, பெண் ஈ ஆட்டின் மூக்குக்கு நேராக அந்தரத்தில் நின்று, ஒரு துளி நீரோடு உயிருள்ள புழுக்களை உள்ளே தெளித்துவிட்டுப் போய்விடும். கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது. பக்கத்தில் ஆட்டுக் கிடை போட்டிருந்தால், அல்லது ஆடு மேய்ந்து போன இடமாக இருந்தால், சில சமயம் ஆட்டுக்குப் பதிலாக மனிதரின் கண் மாட்டிக்கொள்கிறது. நம் பக்கம் மட்டும் நடப்பதும் இல்லை. அல்ஜீரியாவின் கபில் மலைப்பகுதி ஆட்களுக்கு இந்த ஈயால் இப்படி வருவதைப் பற்றி இரண்டு பிரெஞ்சு சகோதரர்கள் 1907-லேயே எழுதியிருக்கிறார்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். இந்தப் புழு மனிதக் கண்ணில் வளராது. வரும்போது சுமார் 1 மில்லிமீட்டர் இருக்கும், அதே அளவில்தான் கிடக்கும், எடுக்காமல் விட்டாலும் சில நாட்களில், அதிகம் போனால் பத்து நாள் அளவில் செத்துவிடும். மூளைக்கு ஏறாது. பிள்ளைகளுக்கும் ஒட்டாது, ஒரே பாயில் படுக்கலாம். ஆனால் தானாகச் சாகட்டும் என்று விடக்கூடாது. அதன் வாயில் இரண்டு கறுப்புக் கொக்கிகள் உண்டு, உடம்பில் வரிசையாக முள். கண்ணைக் கசக்கக் கசக்க அந்தக் கொக்கியும் முள்ளும் கருவிழியைக் கீறும், உறுத்தலுக்குப் பெரிய காரணம் அதுதான்.

வெறும் தண்ணீர் ஊற்றினால் வராது, கொக்கி போட்டுப் பிடித்திருக்கும். டாக்டரின் மைக்ரோஸ்கோப் விளக்கு பட்டதும் இமையின் மடிப்புக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும், வெளிச்சம் அதற்கு ஆகாது. அதனால்தான் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, மேல் இமையை நன்றாகத் திருப்பி, ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுக்கிறோம். ஒளிந்த ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம் என்பதால் ஓரிரு நாளில் திரும்ப வரச்சொல்வோம். உங்கள் வீட்டுக்காரர் உறுத்தல் நின்றுவிட்டது என்று தொழிலுக்குக் கிளம்பிவிடாமல் அந்த மறுபரிசோதனைக்குப் போனாரா என்று தயவுசெய்து கேளுங்கள்.

மெட்ராஸ் ஐ என்று நினைத்ததில் தப்பில்லை, இரண்டிலும் கண் சிவக்கும். ஆனால் அது மெதுவாக ஆரம்பித்து அடுத்த கண்ணுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும். இது ஒரு நொடியில் ஆரம்பிக்கும், பெரும்பாலும் ஒரே கண், 'அப்போதுதான் ஏதோ மோதியது' என்று ஆளே சொல்வார். அந்த ஒரு வரியை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும், அதைக் கேட்டால்தான் இமையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். அப்புறம் தாய்ப்பால் விடுவது, நாக்கால் தூசி எடுப்பது, விளக்கெண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து அதைவிட மோசம், கருவிழியில் கீறல் இருக்கும்போது அது கண்ணையே கெடுத்துவிடும்.

கேள்வி: எங்களுடையது கிடை ஆடு, ஆட்டுக்கூட்டத்தை நடத்துகிற கீதாரி அப்பாதான். சில ஆடுகள் விடாமல் தும்முகின்றன, மூக்கில் சளி ஒழுகுகிறது, வெயில் ஏறினால் தலையைத் தரையோடு தாழ்த்திக்கொண்டு கூட்டமாக நெருக்கி நிற்கின்றன. இதுவும் அந்த ஈயா?
*– வாசகர், சாயல்குடி*

பதில்: இருக்கலாம் தம்பி. அந்த ஈ சுற்றும்போது ஆடு மூக்கை மண்ணிலோ அடுத்த ஆட்டின் வயிற்றடியிலோ மறைத்துக்கொள்ளும். உள்ளே போன புழு ஆட்டின் மூக்கிலும் நெற்றி எலும்புக் குழிவுகளிலும் 2, 3 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, தும்மலில் தரையில் விழுந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, சில வாரத்தில் ஈயாகக் கிளம்பும். கால்நடை மருத்துவரைப் பார்த்தால் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து கொடுப்பார், எடைக்கு ஏற்ற அளவை அவர்தான் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் வெள்ளையோ கீழக்கரிசலோ, எந்த ஆட்டுக்கும் இதே வைத்தியம்தான், ஆட்டை விற்க வேண்டியதில்லை. ஆட்டுக்கு மருந்து கொடுத்தால் உங்கள் கண்ணுக்கும் பாதுகாப்பு. வெயிலில் மேய்க்கும்போது பக்கமும் மூடிய சாதாரணக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கண்ணுக்குள் நூல் மாதிரி நீளமான புழு நெளிகிற வீடியோ பார்த்தேன். அதுவும் இந்த ஈயினாலா?
*– வாசகர், உச்சிப்புளி*

பதில்: இல்லை. வெள்ளை விழியின் மேல்தோலுக்கு அடியில் நூலாக நெளிவது பெரும்பாலும் டைரோஃபைலேரியா என்ற புழு, நாயிடமிருந்து கொசு வழியாக வருவது. கேரளத்தில் நிறையப் பேருக்கு எடுத்திருக்கிறார்கள். ஈயின் புழு விழிக்குள்ளேயே துளைத்துப் போவதும் உண்டு, அது பெரும்பாலும் மாட்டுத் தோலில் வளரும் வேறு வகை ஈ, மிக அபூர்வம்.

கேள்வி: பாட்டிக்கு 78 வயது, சர்க்கரை உண்டு. கீழ் இமையில் ரொம்ப நாளாக ஆறாத புண். இப்போது புழு வைத்துவிட்டது, நாற்றம் வருகிறது. டர்பன்டைன் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?
*– வாசகி, தொண்டி*

பதில்: ஊற்றாதீர்கள். காலில் உள்ள புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் அதைப் பயன்படுத்துவதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள், கண்ணருகே பட்டால் கருவிழி வெந்துவிடும். இது மேலே சொன்ன ஆட்டு ஈ இல்லை. திறந்த புண்ணில் நூறு, இருநூறு முட்டைகளை ஒரே குவியலாக இடும் ஈ ஒன்று உண்டு, மாட்டுப் புண்ணில் புழு வைப்பதும் அதுதான். ஒரு நாளுக்குள் பொரிந்து, உயிருள்ள சதையையே தின்றுகொண்டு உள்ளே போகும். கண் குழிக்குள் போய்விட்டால் கண்ணையே எடுக்க வேண்டிவரும், எடுத்தும் இருக்கிறோம். வெட்கப்பட்டு முந்தானையால் மூடி வைத்திருப்பார்கள், நாற்றம் வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரியும், பாட்டியைத் திட்டாதீர்கள். இன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், அங்கே மதுரைக்கு அனுப்பினால் தயங்காமல் போங்கள். புழுவை எடுத்த பிறகு அந்தப் புண்ணிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் வயதானவர்கள் இமையில் நாள்கணக்கில் ஆறாத புண் புற்றாகவும் இருக்கலாம். போகும் வழியில் சுத்தமான துணியால் கண்ணை லேசாக மூடுங்கள், ஈ உட்காரக்கூடாது. சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப்போங்கள்.