மாதிரித் தேர்தலுக்கு முன் ஐந்து புளியங்கொட்டை

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். குடிமையியல் என்றாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டும் என்று சென்ற ஆண்டு வகுப்பில் மாதிரித் தேர்தல் வைத்தேன். பேச்சும் கோஷமும் அமர்க்களப்பட்டன. ஆனால் ஓட்டு தெரு தெருவாகப் பிரிந்து விழுந்தது. தோற்ற பையன்கள் மாலையில் பஸ் நிறுத்தத்தில் சண்டை போட்டார்கள். "இனி வகுப்பில் அரசியல் வேண்டாம்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பழையபடி வினா-விடை எழுதிப் போடுவதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. அதற்கு முன், உங்கள் தேர்தல் கெட்டுப்போய்விட்டது என்று மனம் நொந்துகொள்ள வேண்டாம். ஊரில் எப்படி நடக்கிறதோ அப்படித்தான் வகுப்பிலும் நடந்திருக்கிறது. "யாருக்கு ஓட்டு?" என்று கேட்டால் பிள்ளைகள் ஆளைப் பார்ப்பார்கள்; ஆளைப் பார்த்தால், நம் பக்கத்தில், அடுத்த கணமே தெருவைப் பார்ப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே வேலையைச் செய்து, இரண்டு பையன்களின் சட்டைப் பொத்தான்களைப் பொறுக்கிக் கொடுத்தவன்தான். அன்று முதல் வரிசையை மாற்றிக்கொண்டேன். "என்ன வேண்டும்?" என்பது முதலில். "யார் வேண்டும்?" என்பது கடைசியில், முடிந்தால்.

மூன்று பாடவேளை ஒதுக்குங்கள். கரும்பலகையில் ஒரு கற்பனை ஊருக்குப் பெயர் வையுங்கள். ஊராட்சியின் கையில் பத்து லட்சம் ரூபாய் இருக்கிறது. செய்ய வேண்டிய வேலைகள் ஐந்து: தெருவிளக்கு, மேட்டுத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய், அங்கன்வாடிக்குக் கூரை, குளத்து மடை பழுதுபார்ப்பு, சுடுகாட்டுப் பாதை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை எழுதிவிடுங்கள். கூட்டினால் இருபது லட்சத்தைத் தாண்ட வேண்டும். பணம் போதாமல் இருந்தால்தான் பேச்சு பிறக்கும்.

அடுத்து, யார் யாராகப் பேசுவது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானியுங்கள். உத்திரமேரூர்க் குடவோலை பாடத்தில் வருகிறதல்லவா? குடத்தில் ஓலைகளைப் போட்டுக் குலுக்கிச் சிறுவன் ஒருவனை எடுக்கச் சொன்னார்களே, அதையே செய்யுங்கள். மண்பானை கிடைக்காவிட்டால் சத்துணவுக்கூடத்துப் பாத்திரம் போதும். சீட்டில் பெயருக்குப் பதில் ஆளின் நிலைமையை எழுதுங்கள்: பீடி சுற்றும் பெண், கடைமடை விவசாயி, விடியற்காலை பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும் மாணவி, ஆடு மேய்ப்பவர், கைக்குழந்தையை வீட்டில் விட்டு நூறுநாள் வேலைக்குப் போகும் தாய், நடக்கச் சிரமப்படும் பெரியவர். பண்ணையார் வீட்டுப் பையன் கையில் பீடித் தட்டு விழும். பீடி சுற்றும் அம்மாவின் மகள் கையில் பத்து ஏக்கர் வயல் விழும். தெருவைக் கலைக்க இதைவிடச் சுலபமான உபாயம் எனக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. அணிகளுக்கு நிறம் கொடுக்காதீர்கள். நாடா, கயிறு, பேட்ஜ் எதுவும் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரை அதே பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. நம் மாவட்டத்தில் நிறம் வெறும் நிறமில்லை, சாதி அடையாளம். அணிகளுக்கு எண் போதும்.

இரண்டாம் பாடவேளை விவாதத்துக்கு. இங்கேதான் கல்வெட்டு ஒன்று கைகொடுக்கும். நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் மானூர் இருக்கிறது. அங்குள்ள கோயிலில் பாண்டியன் மாறன் சடையன் காலத்துக் கல்வெட்டு உண்டு, சுமார் கி.பி. 800. உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு நூறாண்டுக்கு மேல் மூத்தது. ஊர்ச்சபையில் யார் உட்காரலாம், அவருக்கு என்ன தகுதி வேண்டும் என்றெல்லாம் வகுத்துவிட்டு ஒரு விதி சொல்கிறது: எந்தப் பொருள் வந்தாலும் "அல்ல, அல்ல" என்றே சொல்லி முட்டுக்கட்டை போடுகிறவரும் அவருக்குத் துணைபோகிறவர்களும், அப்படிச் செய்த ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும்.

ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுங்கள். காரணம் சொல்லாமல் "வேண்டாம்" என்றால் ஐந்தும் போய்விடும். காரணத்தோடு மறுத்தால் ஒன்றும் போகாது. கொட்டை தீர்ந்தவர் பேச வேண்டுமானால் வேறு பெஞ்சில் இருப்பவரிடம் கடன் வாங்க வேண்டும்.

ஒருமுறை பின்பெஞ்சுப் பையன் ஒருவன் தெருவிளக்குக்கு "செல்லாது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கொட்டை போயிற்று. பக்கத்து பெஞ்சுக்காரன் கடன் கொடுத்தான். குழாய்க்கும் "செல்லாது". அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை கொடுக்க ஆளில்லை. வகுப்பின் மறுகோடியில் மூன்று மாதமாக அவன் முகம் கொடுத்துப் பேசாத ஒருவனிடம் போய்க் கையை நீட்டி நின்றான். அவன் எண்ணி ஐந்தை வைத்தான். திரும்பி வந்தவன், "மடை வேண்டாம் டீச்சர். ஏனென்றால்..." என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டான். அரை நிமிடம் யோசித்த பிறகு, "கார் சாகுபடி முடிந்த பிறகு செய்தால்தான் ஆள் கிடைக்கும்" என்றான். பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்த டீச்சரின் வகுப்பறை அது. நான் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். ஆண்டு முழுக்க அவன் அந்த வகுப்பில் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுவாம்.

மானூரைச் சொல்லும்போது மறைக்காமல் முழுதும் சொல்லுங்கள். அந்தச் சபையில் உட்கார்ந்தவர்கள் நிலப்பங்கும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர்கள் மட்டும். "அப்படியானால் நம் வகுப்பில் எத்தனை பேருக்கு அங்கே இடம் கிடைத்திருக்கும்?" என்று கேளுங்கள். பெண்பிள்ளைகள்தான் முதலில் பதில் சொல்வார்கள். இன்று தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்த இடத்தில் சொன்னால் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

சுடுகாட்டுப் பாதை விவாதத்துக்கு வரும்போது வகுப்பு சற்று அமைதியாகலாம். யாருக்குப் பாதை இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். தோண்டிக் கேட்காதீர்கள். அதைப் பற்றிப் பேச விரும்புகிற பிள்ளை பாடவேளை முடிந்து உங்கள் மேசைக்கு வரும்.

மூன்றாம் பாடவேளையில் வாக்கெடுப்பு. சாக்பீஸ் டப்பாவில் ஓட்டை போட்டு, சன்னலோரம் அட்டை மறைப்பு வைத்தால் வாக்குச்சாவடி தயார். கைதூக்கி ஓட்டெடுப்பதை மட்டும் தவிருங்கள். வேண்டுமானால் முதலில் கைதூக்கச் சொல்லி எண்ணிக்கொண்டு, பிறகு இரகசியமாக எடுத்து, இரண்டு கணக்கையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போவது அரிது. இரகசிய வாக்கு எதற்கு என்ற கேள்விக்கு அதுவே விடை.

எண்ணிக்கையை அவசரமாக முடித்துவிடாதீர்கள். நாற்பத்தெட்டுப் பேரில் குழாய்க்கு 17, மடைக்கு 14, விளக்குக்கு 11, கூரைக்கு 6 என்று வைத்துக்கொள்வோம். குழாய் வென்றது. ஆனால் 31 பேர் அதைக் கேட்கவில்லையே? நம் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களிலும் அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி. பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்பதில்லை. முதல் இரண்டை மட்டும் வைத்து மறுபடி ஓட்டெடுத்துப் பாருங்கள். சில சமயம் மடை வென்றுவிடும். விதி மாறினால் முடிவு மாறும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். தோற்றவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள்: செலவுக் கணக்கை அவர்கள்தான் சரிபார்க்க வேண்டும். எதிர்க்கட்சி என்றால் என்ன என்று தனியாக ஒரு பாடம் வேண்டாம்.

தலைமையாசிரியரிடம் போகும்போது ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் "உள்ளாட்சி அமைப்புகள்" பாடத்தைத் திறந்து எடுத்துப் போங்கள். நீங்கள் நடத்துவது அதைத்தான். அவர் பயம் நியாயமானதே. கட்சி என்ற சொல் வெளியே போனால் பெற்றோர் வாசலில் நிற்பார்கள். ஆனால் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. ஒன்றியமும் மாவட்ட ஊராட்சியும்தான் கட்சி அடிப்படை. ஆகவே ஊராட்சியோடு நின்றால் கட்சிக்குள் கால் வைக்காமலே மக்களாட்சியைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். 2021 அக்டோபரில் நெல்லை, தென்காசி உட்பட ஒன்பது மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒவ்வொருவரும் நான்கு ஓட்டுப் போட்டார்கள். "உங்கள் அம்மா கையில் இருந்த நான்கு சீட்டும் எந்தெந்தப் பதவிக்கு?" என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அன்று இரவு வீட்டில் நடக்கும் பேச்சு உங்கள் பாடவேளையைவிட நீளமாக இருக்கும்.

"நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் டீச்சர்?" என்று கட்டாயம் கேட்பார்கள். சாக்பீஸ் டப்பாவைக் காட்டிச் சிரித்துவிடுங்கள்.

இது ஓரளவு பிடிபட்ட பிறகு இரண்டு வேலைகளைச் செய்யலாம். ஒன்று, மனு எழுதுதல். எரியாத தெருவிளக்குக்குப் பெரும்பாலான பிள்ளைகள் முதலமைச்சருக்கே எழுதுவார்கள். எந்த வேலை ஊராட்சியுடையது, எது மின்வாரியம், எது கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குப் போக வேண்டியது என்று பிரிப்பதிலேயே அதிகாரப் பரவலாக்கம் பாதி புரிந்துவிடும். மற்றொன்று, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, நான்கைந்து பிள்ளைகளைப் பெற்றோரோடு போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பெண்கள் பேசினார்கள், தீர்மானம் வாசிக்கப்பட்டதா, இந்த மூன்றை மட்டும் குறித்து வந்தால் போதும். தாமிரபரணித் தண்ணீரைப் பங்கிடும் நடிப்பு விளையாட்டை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். எட்டு அணைக்கட்டு, இரண்டு மாவட்டம், குடிநீர், தொழிற்சாலை என்று அது பத்தாம் வகுப்புக்கே கனமான சரக்கு.

புளியங்கொட்டையை மணி அடிக்கும் முன் எண்ணி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி பல்லாங்குழிக்குப் போய்விடும். மீதியை வறுத்துத் தின்றுவிடுவார்கள்.